தம்பி வயிற்றில் தங்கிய கேமரா

என் தம்பி பைனிருக்கு இந்தத் தீவுகளில் உள்ள கழிப்பறைகள் எல்லாம் அத்துப்படி. எந்தப் படகுத்துறையில் தாழ்ப்பாள் சரியில்லை, எந்தத் தேவாலயத்தின் பின்கதவு எப்போதும் பூட்டாமல் கிடக்கும், எந்த ஊர்க் கடைக்காரி முகம் சுளிக்காமல் உள்ளே விடுவாள், எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிப்பான். பத்தொன்பது வயதில் அவனுக்குக் கிரோன் நோய் வந்தது. குடல் தானாகவே புண்ணாகும், வீங்கும், ஆறும், மறுபடியும் புண்ணாகும். எங்கள் பரோயே தீவுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். "அவனுக்கும் வயிறு" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

நோய் வந்துவிட்டதே என்று மூலையில் உட்கார்ந்தானா என்றால், அதுதான் இல்லை. எங்கள் சாந்தோய் தீவில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறான். அவசரம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, "ரெண்டே நிமிஷம்!" என்று கத்திவிட்டு இறங்கி ஓடுவான். பயணிகள் பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொள்வார்கள். அவன் புண்ணியத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ ஸ்வெட்டர்கள் சீக்கிரம் முடிந்திருக்கின்றன. இலையுதிர் காலத்தில், மேய்ந்த ஆடுகளை மலையிலிருந்து பட்டிக்கு இறக்கும்போது உச்சி முகட்டில் ஓடுவதும் அவன்தான். அந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நாய்களே மூச்சுவாங்கும்.

நான் சுன்வா. அவனுக்கு ஏழு வயது மூத்தவள். என் வீட்டுக்காரர் மீன்பிடிக் கப்பலில் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கை அவன் வீட்டில், சாப்பாடும் குளியலும் மற்றதும் என் வீட்டில். அவன் வீட்டுக் குழாய் ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்ததில்லை. எங்கள் அம்மா போன பிறகு அவனுக்கு என் வாக்குதான் வேதவாக்கு. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். எனக்கு அதில் பெருமை உண்டு, ஒளிப்பானேன்?

எதற்கும் அஞ்சாத அந்தப் பயலுக்கு ஒரே ஒரு பயம், கத்தி. இருபத்தேழு வயதில் ஒருமுறை வயிற்றைத் திறந்து ஒரு முழத்துக்கு மேல் குடலை வெட்டி எடுத்தார்கள். மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். எழுந்த அன்று என்னிடம் சொன்னான்: "மிச்சம் இருக்கறது எனக்கே சரியா இருக்குக்கா. இனிமே ஒரு விரற்கடைகூட எவனுக்கும் குடுக்கமாட்டேன்." அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டான்.

எங்கள் தீவையும் தலைநகர்த் தீவையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை திறப்பதற்கு முந்தைய வருடம், கோடை முடியும்போது, அவன் முகம் வெளுக்க ஆரம்பித்தது. ரத்தம் குறைந்திருந்தது. தலைநகர் தோர்ஸ்ஹாவ்ன் ஆஸ்பத்திரியில் மேலேயிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழேயிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழாய்க்கும் எட்டாத நடுப்பகுதியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"ஒரு மாத்திரைக் கேமரா முழுங்கணும், பைனிர்" என்றார் டாக்டர் ஹொக்னி. "போற வழியெல்லாம் படம் எடுத்துக்கிட்டே போகும். கடைசியில தானா வெளிய வந்துடும். வேற யாராவதுன்னா நான் யோசிக்கவே மாட்டேன். உங்க நோய்ல குடல் அங்கங்க குறுகியிருக்கலாம். குறுகின இடத்துல அது போய் நின்னுடுச்சுன்னா, எடுக்கறதுக்கு வெட்டவேண்டி வந்தாலும் வரும்."

வெட்டு என்று காதில் விழுந்ததுமே பைனிர் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போய்விட்டான்.

"அட, ஓடாதீங்க!" என்று சிரித்தாள் நர்ஸ் எல்ஸ்பா. "அதுக்குத்தான் முதல்ல ஒரு போலி மாத்திரை தர்றோம். அதே அளவு, உள்ள கேமரா கிடையாது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குள்ள முழுசா வெளிய வந்துட்டா வழி திறந்திருக்குன்னு அர்த்தம். வரலைன்னா இங்க வாங்க, உள்ள இருக்கான்னு நான் கருவி வெச்சுப் பார்க்கறேன். மாட்டிக்கிட்டாலும் பயமில்ல, அது தானா கரைஞ்சு போயிடும். ஆனா ஒண்ணு, வெளிய வந்துச்சுன்னா அதைக் கண்ணால பார்த்திருக்கணும்."

"கண்ணாலயா?" என்றான் தம்பி.

"கண்ணாலதான். மூக்கை வேணா பிடிச்சுக்கங்க." கழிப்பறையில் பொருத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டையும் அவன் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் போலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் படகேறி ஊர் வந்தோம். வந்து பார்த்தால், பத்து நாளாக மலையை மூடியிருந்த மூடுபனி விலகிக் கிடக்கிறது. கடைக்கார ஹானுஸ் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார்: "நாளைக்கு ஆடு இறக்கறோம்!" எங்கள் ஊரில் ஆடு இறக்கும் நாளை வானம்தான் முடிவு செய்யும். சொல்லிவிட்டால் சொன்னதுதான். கல்யாணம் வைத்திருந்தவன்கூட மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மலைக்கு வருவான்.

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றான் பைனிர். "மூணு மணிப் படகைப் பிடிச்சு எல்ஸ்பாகிட்ட போயிடறேன்."

வெள்ளிக்கிழமை காலை. நான் ஐம்பது ஆட்களுக்கு ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நாய்கள் குரைக்கின்றன. ஹானுஸ் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். தம்பி கழிப்பறையிலிருந்து பாய்ந்து வந்தான்.

"அக்கா, தட்டு உள்ள இருக்கு. நீ கொஞ்சம் பார்த்துடேன். எனக்கு நேரமில்ல."

"போடா, போ. பார்த்துக்கறேன்."

ஆட்டுக் குடலைத் திருப்பிப் போட்டுக் கழுவி, ரத்தமும் மாவும் கொழுப்பும் அடைத்துத் தைக்கிறவள் நான். நாற்பது வருடமாகச் செய்கிற வேலை, மூக்கு ஒருநாளும் சுருங்கியதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டைத் தூக்கியவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே ஊற்றி, தண்ணீரை விட்டுவிட்டேன். வெளியே ஹானுஸ் மறுபடியும் கத்தினார். இதோ வந்துட்டேன், ஏன் உயிரை வாங்குறீங்க என்று பதிலுக்குக் கத்திக்கொண்டு ஓடினேன். தட்டில் மாத்திரை இருந்ததா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் எதுவும் முடியவில்லை. பதினைந்து ஆடுகள் கூட்டத்தை உடைத்துக்கொண்டு மறுபடியும் முகட்டில் ஏறிவிட்டன. தம்பி அவற்றின் பின்னால் ஓடினான். நான் கீழே பட்டியில் என் வேலையில் இருந்தேன். குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆடுகளுக்குச் சத்துக் குளிகை கொடுக்கிற வேலை. கட்டைவிரல் பருமனுள்ள கனத்த குளிகை. நீளக் கழுத்துள்ள கருவியில் வைத்துத் தொண்டைக்குள் இறக்கிவிட்டால் ஆட்டின் வயிற்றிலேயே ஆறு மாதம் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓர் ஆட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி வைத்திருக்கும்போது என் போன் அடித்தது.

"சுன்வாக்கா, எல்ஸ்பா பேசறேன். பைனிர் போனை எடுக்க மாட்டேங்கறாரே, படகு ஏறிட்டாரா?"

மலையைப் பார்த்தேன். முகட்டில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறலை... அது வந்து..."

"அப்ப வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"முழுசாவா? உடையாம, கரையாம?"

"முழுசா."

"யார் பார்த்தது?"

ஆடு ஓர் உதை விட்டது. "நான்தான் பார்த்தேன்! என் ரெண்டு கண்ணால!" என்று எரிந்து விழுந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றைக்குப் போகவில்லையென்றால் முதலிலிருந்து எல்லாம் ஆரம்பிக்கவேண்டும், அடுத்த முறை கிடைக்க ஆறு வாரம் ஆகும், அவனோ வெளுத்துக்கொண்டே போகிறான். இதெல்லாம் நான் பின்னால் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் என் கையில் குளிகை இருந்தது. இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டுக்குள் இறக்கியிருக்கிறேன், ஒன்றும் வெளியே வந்ததில்லை, ஒன்றும் செத்ததில்லை. வயிற்றுக்குள் ஒரு மாத்திரை தங்கினால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன.

சாயங்காலம் பைனிர் சேறும் சகதியுமாக இறங்கி வந்தான். "அக்கா, படகு போச்சே! எல்ஸ்பா கொன்னுடுவா!"

"ஒண்ணும் தேவையில்ல. காலையிலயே வந்துடுச்சு. சொல்லிட்டேன்."

"நிஜமாவா? முழுசா?"

"ஏன், என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?"

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "வழி திறந்திருக்குக்கா! வெட்டு கிடையாது!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அவன் மேலிருந்த சேறெல்லாம் என் மேல்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எல்ஸ்பா அவன் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை கேட்டாள். "அக்கா பார்த்தா" என்றான். எல்ஸ்பா என்னைப் பார்த்தாள். "ஆமா ஆமா" என்றேன், சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியிடம். கேமராவை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினான். படங்களை வாங்கிச் சேமிக்க இடுப்பில் ஒரு பட்டையும் பெட்டியும் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக்கென்றது.

அதோடு நேராக ஹானுஸ் கடைக்குப் போனால் சும்மா விடுவார்களா?

"பைனிர், இப்ப எந்த ஊரைத் தாண்டுது?"

"நேத்து தின்ன உருளைக்கிழங்கு நடிச்சிருக்கா?"

"இதுல கதாநாயகி யாரு?" என்றார் ஹானுஸ்.

"உங்க வீட்டு மீன் சூப்தான்" என்றான் தம்பி. "ரொம்ப நேரம் வராது, வந்தா போகாது." கடையே அதிர்ந்தது. ஹானுஸின் மனைவிதான் சிரிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் படத்தை ஓட்டிக் காட்டினார். இளஞ்சிவப்புச் சுரங்கம், வளைவு, இன்னொரு வளைவு. அப்புறம் அங்கங்கே புண்கள். ரத்தம் கசிந்தது அங்கிருந்துதான். அப்புறம் ஒரு சுவர். அதே சுவர். மறுபடியும் அதே சுவர்.

"மூணு மணி நேரமா இந்தச் சுவர்தான்" என்றார் டாக்டர். "பேட்டரி தீர்ற வரைக்கும் வேற படமே இல்ல. நின்னுடுச்சு."

பைனிரின் கை தன் தழும்பு இருக்கிற இடத்துக்குப் போயிற்று. என் வாய் அடங்கவில்லை. "நின்னா என்ன டாக்டர்? நாங்க ஆட்டுக்குக் குளிகை குடுக்கறோம், ஆறு மாசம் உள்ளயே..."

எல்ஸ்பா குறுக்கே பாய்ந்தாள். "சுன்வாக்கா, எங்க வீட்லயும் நாற்பது ஆடு நிக்குது. எனக்குத் தெரியாத குளிகையா? ஆட்டுக்கு அது தங்கறதுக்குன்னே பீப்பா மாதிரி ஒரு பை இருக்கு. உங்க தம்பிக்கு இருக்கறது குழாய். குழாயில கல்லு நின்னா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க."

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எனக்கு ஒரு விஷயம்தான் தெம்பு குடுக்குது. போலி மாத்திரை முழுசா வெளிய வந்திருக்கு. அப்படின்னா போன வாரம் வழி திறந்துதான் இருந்திருக்கு. இது புதுசா வந்த வீக்கமா இருக்கணும். வீக்கம்னா மருந்துக்கு வடியும், கேமராவும் நகரும். ஸ்டீராய்டு தர்றேன், காத்திருப்போம். அது வெளிய வர்ற வரைக்கும் எம்.ஆர்.ஐ பக்கமே போகக்கூடாது. வாந்தி, வயிறு உப்பறது, தாங்கமுடியாத வலி, எது வந்தாலும் படகுக்காகக் காத்திருக்காதீங்க. ஹெலிகாப்டரைக் கூப்பிடுங்க."

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். டாக்டர் எழுதுகிறார், எல்ஸ்பா நிற்கிறாள், தம்பி என்னைப் பார்த்து, "நல்லவேளை நீ பார்த்தே" என்கிறான். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வேன்?

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே. கேமரா இருந்த இடத்திலேயே பளிச்சென்று கிடந்தது. பைனிர் கடையில் இரண்டு வடிகட்டி வாங்கி வந்து, ஒவ்வொரு நாளும் கழிப்பறையில் தானே துழாவிப் பார்த்தான். ஊரில் வணக்கம் சொல்வதே நின்றுபோயிற்று. எதிரே வருகிறவன், "வந்துச்சா?" என்பான். "நல்லா இருக்காம், கடுதாசி போட்டிருக்கு" என்பான் இவன். பாதிரியார்கூட ஒருநாள் பிரசங்கம் முடிந்து கைகுலுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

டிசம்பரில் அவன் தட்டில் சாப்பாடு மிஞ்ச ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அரிசிச் சோறு அபூர்வம், பாலில் வேகவைத்து லவங்கப்பட்டை தூவிக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் செய்வேன். அவனுக்கு உயிர். அதையே பாதியில் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். ஓடினேன்.

"என்னடா?"

"சும்மா, காத்து வாங்கறேன்."

"வலிக்குதா? டாக்டர்கிட்ட சொல்லு."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா இருக்கும். வசந்தம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்னார். போலி போன வழியில அசலும் போகும்னாரே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. சொல்லவுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊர் மண்டபத்தில் ஆட்டம். எங்கள் ஆட்டத்துக்கு வாத்தியம் கிடையாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பெரிய வளையமாக நின்று, காலால் தரையை உதைத்துக்கொண்டே சுற்றிவருவோம். ஒருவர் பாட, எல்லோரும் பல்லவியை வாங்குவோம். ஊரில் யாராவது வேடிக்கையான காரியம் செய்திருந்தால் அவர்மேல் கேலிப்பாட்டு கட்டுவதும் உண்டு. பாட்டுக்கு ஆளானவரின் இரண்டு கையையும் இரண்டு பலசாலிகள் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் விடமாட்டார்கள்.

ஹானுஸ் பைனிர்மேல் ஒரு பாட்டு கட்டியிருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். தம்பி புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் இரண்டு பெண்கள் என் இரண்டு பக்கமும் வந்து கையைப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு அவன்மேல் இல்லை. என்மேல்.

ஹானுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்:

"டாக்டர் கேட்டார் யாரடி சாட்சி?
 தலைநிமிர்ந்து வந்தாள் சுன்வா;
 தட்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள்,
 தங்கம் தேடும் கண்ணால் பார்த்தாள்!"

வளையம் முழுக்கப் பல்லவியை வாங்கியது:

"பார்த்தாளாம், அவள் பார்த்தாளாம்,
 ரெண்டு கண்ணாலும் பார்த்தாளாம்!"

தரை அதிர்ந்தது. ஒவ்வோர் அடியிலும் நான் ஒன்று செய்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேனாம், விளக்கைக் கொளுத்திப் பார்த்தேனாம், ராணிக்குக் கடிதம் எழுதி முத்திரை வைத்தேனாம். ஒவ்வோர் அடி முடிந்ததும் அந்தப் 'பார்த்தாளாம்'. எதிர்ப்பக்கத்தில் தம்பி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே ஆடினான். நடுநடுவே அவன் உதடு வலியில் கோணியதை நான் ஒருத்திதான் கவனித்தேன். கையை உதறினேன். மீன் தொழிற்சாலைக்காரிகள் இறுக்கினார்கள்.

ஏழாவது தடவை அந்தப் பல்லவி வந்தபோது என்னால் தாங்கமுடியவில்லை.

"பார்க்கலை!" என்று கத்தினேன். "நான் பார்க்கலை!"

பாட்டில் அதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். வளையம் இன்னும் ஒரு சுற்று போயிற்று. கால்கள் ஒன்றொன்றாக நின்றன.

"என்னக்கா சொல்றே?" என்றான் பைனிர்.

"தட்டைப் பார்க்கவே இல்லடா. மூஞ்சைத் திருப்பிக்கிட்டு அப்படியே ஊத்திட்டேன். எல்ஸ்பாகிட்ட பொய் சொன்னேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

தம்பி பக்கத்து ஆட்களின் கையை விட்டுவிட்டு வெளியே போனான். பின்னாலேயே போனேன். மண்டபத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஒரு மாசமா வலிக்குதுக்கா. வெறும் வீக்கம்தானே, வடிஞ்சுடும்னு தாங்கிக்கிட்டேன். நீ பார்த்தேன்னு சொன்னியே!"

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

மறுநாள் டாக்டர் ஹொக்னி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. அத்தனைக்கும் நான் லாயக்கு. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புது வீக்கம் இல்ல. பழைய தழும்பு, கெட்டியா இறுகிக் கிடக்கு. மருந்துக்கு அசையாது. நான் வசந்தம் வரைக்கும் காத்திருந்தா ஒருநாள் மொத்தமா அடைச்சிருக்கும், ராத்திரியோட ராத்திரியா வயித்தைத் திறந்திருப்போம். கோபன்ஹேகன்ல பலூன் வெச்ச நீளக் குழாய் ஒண்ணு இருக்கு. அது எட்டினா வெட்டாம எடுத்துடலாம். எட்டலைன்னா..." முடிக்கவில்லை. தம்பி தலையை ஆட்டினான்.

விமானத்தில் அவன் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் என்னோடு பேசிய ஒரே வார்த்தை: "நீ ஜன்னல் பக்கம் உட்காரு. பார்க்கறதுதான் உனக்கு நல்லா வருமே." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கோபன்ஹேகனில் அவனைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். எட்டினால் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. அந்த நடைபாதையில் நாற்பத்திரண்டு தரைக்கற்கள் இருக்கின்றன. நான் கடவுளிடம் என் குடலில் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் குடலை வைத்துக்கொண்டு கடவுள் என்ன செய்வார் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து உயரமான ஒரு டாக்டர் அம்மா வந்தார். கையில் மூடி போட்ட சின்னக் குப்பி. உள்ளே மங்கிப்போன கேமரா.

"வெட்டலை" என்றார். "கடைசி நிமிஷத்துலதான் குழாய் எட்டிச்சு. சின்ன வலையில பிடிச்சு இழுத்துட்டோம். குறுகின இடத்தையும் பலூனால கொஞ்சம் விரிச்சுவிட்டிருக்கோம். குடல்ல ஒரு துண்டுகூட எடுக்கலை."

அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் கோட்டு நனைந்துபோயிற்று. பாவம், அவர் குப்பியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பைனிர் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். உதடு காய்ந்திருந்தது. முதல் வார்த்தையே அதுதான்.

"வெட்டினாங்களா?"

"இல்லடா கண்ணு. ஒரு கீறல்கூட இல்ல. டாக்டரே வந்து சொன்னாங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அவன் சொல்லவில்லை. போர்வையை விலக்கினான். ஆஸ்பத்திரி அங்கியை மேலே தூக்கினான். தலையைக் கஷ்டப்பட்டு உயர்த்தி, பழைய தழும்பை விரலால் தொட்டு, அதன் இந்தப் பக்கம் தடவி, அந்தப் பக்கம் தடவி, வயிறு முழுக்கத் தேடிப் பார்த்தான்.

"இல்ல" என்றான், எனக்கில்லை, தனக்கே. அதற்கப்புறம்தான் சிரித்தான்.